ஓல்ட் குரோவில் பேட்டரி ஏன் அவ்வளவு சிறியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் யூக்கான் பகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, சாலையே போகாத ஓல்ட் குரோ என்ற சிற்றூரின் சூரிய மின்திட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை படித்தேன். 2,160 பேனல்கள், 940 கிலோவாட், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,89,000 லிட்டர் டீசல் மிச்சம் என்ற கணக்கெல்லாம் சரி. ஆனால் 616 யூனிட் பேட்டரி போதாது என்ற குறைதான் பொருந்தவில்லை.

அந்த பேட்டரி இரவுக்காக வைத்ததல்ல. கோடையில் அங்கே இரவு கிடையாது. டிசம்பர் பிற்பாதியில் சூரியன் தலைகாட்டுவதே இல்லை. ஜூனில் பிடித்ததை ஜனவரிக்குச் சேமிக்க எந்த பேட்டரியாலும் கட்டுப்படியாகாது. அதன் வேலை ஒன்றுதான்: டீசல் ஜெனரேட்டரை முழுவதுமாக நிறுத்த இடம் கொடுப்பது.

டீசல் என்ஜினை அதன் திறனில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓட்டக்கூடாது. சிலிண்டர் போதிய சூடேறாது. எரியாத டீசல் புகைக்குழாயில் பிசுக்காகப் படியும். சிலிண்டரின் உட்சுவரான லைனர் வழவழப்பாகி, என்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்கும். ஓர் உதாரணம்: ஊரின் லோடு 250 கிலோவாட், ஓடுவது 400 கிலோவாட் ஜெனரேட்டர் என்றால், 120 கிலோவாட்டை அதற்கே ஒதுக்க வேண்டும். எவ்வளவு வெயில் அடித்தாலும் சோலாருக்குக் கிடைப்பது 130தான். மீதி சோலார் மின்சாரத்தை, எதிலிருந்து எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்யும் கன்ட்ரோலர் வெட்டிவிடும்.

பேட்டரியின் இன்வெர்ட்டரே வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் மாறாமல் பிடித்துக்கொண்டால் ஜெனரேட்டரை அணைத்துவிடலாம். மேகம் வந்தால், ஜெனரேட்டர் கிளம்பி லைனோடு சேரும்வரை சில நிமிடங்கள் தாங்கினால் போதும். (அதற்கு நின்றிருக்கும் என்ஜினின் தண்ணீரை ஹீட்டர் போட்டுச் சூடாகவே வைத்திருக்க வேண்டும்.) ஆகவே இங்கே முதலில் கேட்க வேண்டியது பேட்டரி எத்தனை யூனிட் என்பதல்ல, ஒரே நேரத்தில் எத்தனை கிலோவாட் தரும் என்பது. கட்டுரையில் அந்த எண் இல்லை.

குளிர் பேனலுக்கு நல்லது என்று எழுதியிருந்தீர்கள். பாதி உண்மை. குளிரக் குளிர வோல்டேஜ் ஏறும். 25 டிகிரியில் ஓபன் சர்க்யூட்டில், அதாவது எதற்கும் மின்சாரம் தராத நிலையில், 49 வோல்ட் காட்டும் பேனல், டிகிரிக்கு 0.27 சதவீதம் வீதம், மைனஸ் 45 டிகிரியில் 58 வோல்ட்டைத் தாண்டும். 1,000 வோல்ட் இன்வெர்ட்டருக்கு 25 டிகிரிக் கணக்கில் 20 பேனல்களை வரிசையாகக் கோத்தால் 1,165 வோல்ட் வந்து இன்வெர்ட்டர் போய்விடும். 17தான் கோக்கலாம். ஆபத்து நடுக்குளிர்காலத்தில் அல்ல, அப்போது வெயிலே இல்லை. பிப்ரவரி கடைசி, மார்ச் மாதக் காலைகளில்தான். கடுங்குளிரும் பளீர் வெயிலும் அப்போதுதான் சேர்ந்து வரும்.

அடித்தளத்திலும் குளிரைக் கணக்கில் எடுக்க வேண்டும். கோடையில் இளகிக் குளிரில் உறையும் மேல்மண், பேனல்களைத் தாங்கும் தூண்களைப் பிடித்து மேலே தூக்கும். அதற்கும் கீழே, நிரந்தரமாக உறைந்த மண்ணில் தூண் ஆழமாகப் பிடித்திருக்க வேண்டும். இல்லையேல் சில ஆண்டுகளில் பேனல்களைப் பொருத்திய சட்டங்கள் கோணிவிடும்.

திட்டம் ஊருக்குச் சொந்தம் என்று கட்டுரை சொன்னதிலும் ஒரு நுணுக்கம் விட்டுப்போயிற்று. வுன்டுட் குவிச்சின் பூர்வகுடி அரசுக்குச் சொந்தமானவை பேனல்கள். பேட்டரியும் கன்ட்ரோலரும் மின்சாரத்தை 25 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கும் அட்கோ நிறுவனத்துடையவை. இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகவே படுகிறது; டீசல் ஜெனரேட்டரை ஓட்டும் அட்கோவே பேட்டரியையும் கையாள்வதுதான் பாதுகாப்பு. ஆனால் இதைப் பார்த்துத் திட்டம் போடும் ஊர்கள், வெட்டப்படும் யூனிட்டுக்கு யார் பணம் தருவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வெட்டும் சுவிட்ச் வாங்குபவர் கையில், நஷ்டம் விற்பவர் தலையில் என்றால் கடன் தவணை நின்றுபோகும். வெட்டிய அளவைக் கணக்கிட, தளத்திலேயே வெயில் அளக்கும் கருவி ஒன்றை ஊரின் பொறுப்பில் வைத்து, அதன் பதிவை இருவரும் ஏற்பதாகவும் எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மின்பொறியாளர் ஒருவர், கோவை