ரஷ்ய நரியின் பெயர் பெண் பெயரிலிருந்து வந்ததன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் அண்மையில் வெளிவந்த ரஷ்ய நரிக் கதையின் அடிக்குறிப்பில், நரியைக் குறிக்கும் ‘லிசா’ என்ற சொல் ‘லீசா’ என்னும் பெண் பெயரிலிருந்து பிறந்தது என்று எழுதப்பட்டிருந்தது. அடுத்த வாரம் வாசகர் ஒருவர் அதை மறுத்து, வடமொழியில் நரியைக் குறிக்கும் ‘லோபாச’ என்ற சொல்லே அங்கே போய் ‘லிசா’ ஆயிற்று என்று அடித்துச் சொல்லியிருந்தார். முன்னது முற்றிலும் தவறு. பின்னது, அறிஞர்கள் இன்னும் முடிவு காணாத ஒன்றை முடிந்த செய்தியாக்குகிறது. பள்ளிப் பிள்ளைகள் வெட்டி எடுத்துச் சேர்த்து வைக்கும் பக்கம் அது என்பதால், இதை விரிவாகவே எழுதுகிறேன்.

பெண் பெயரான ‘லீசா’ எலிசவேத்தா என்பதன் சுருக்கம். அது எபிரேய மூலத்திலிருந்து கிரேக்கத்தின் வழியாகக் கிறித்தவ சமயத்தோடு ரஷ்யர்களிடம் வந்த பெயர். கீவ் நாட்டு மன்னர் விளாதிமிர் அச்சமயத்தைத் தழுவியது 988ஆம் ஆண்டில். நரியின் பெயரோ போலந்து மொழியில் ‘லிஸ்’, செக் மொழியில் ‘லிஷ்கா’, பல்கேரியத்திலும் குரோவாசியத்திலும் ‘லிசித்சா’ என்று, ரஷ்யமும் அதன் உறவு மொழிகளும் அடங்கிய ஸ்லாவிய மொழிகள் எங்கும் பரவிக் கிடக்கிறது. ஆகவே அம்மொழிகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதற்கு முன்பே அச்சொல் இருந்திருக்க வேண்டும். ஒலியும் ஒன்றன்று. நரியின் பெயரில் அழுத்தம் இறுதி அசையில் விழுகிறது, நடுவே வரும் மெய் அதிர்வற்றது. பெண் பெயரில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, நடு மெய் தேனீயின் ரீங்காரம்போல அதிர்ந்து ஒலிப்பது. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ச’வைப் போடுவதால்தான் இந்த மயக்கம் நேர்ந்திருக்கிறது.

‘லோபாச’ பற்றிய கருத்தை அப்படி எளிதில் தள்ளிவிட முடியாது. அது ரிக் வேதத்திலேயே வரும் பழஞ்சொல். கிரேக்கத்தில் நரியைக் குறிக்கும் ‘அலோபெக்ஸ்’ அதன் உறவு என்று பலர் கருதுகிறார்கள். லிதுவேனியரின் ‘லாபே’, லாத்வியரின் ‘லாப்சா’ ஆகியவற்றையும் இந்த வட்டத்தில் சேர்த்துப் பேசுவதுண்டு. லாத்வியச் சொல்லில் உள்ள ‘ப்’ ரஷ்யத்தில் எங்கே போயிற்று என்று கேட்டால் அதற்கு விடை இருக்கிறது: ஸ்லாவிய மொழிகளில் ‘ப்ச’ என்ற கூட்டில் ‘ப்’ விழுந்துவிடும். குளவிக்கு லிதுவேனியத்தில் ‘வாப்ஸ்வா’, ரஷ்யத்தில் ‘அசா’ என்பது இதற்குச் சான்று. ஆனால் உயிரெழுத்து இடறுகிறது. ‘லாப்சா’வின் ஆகாரம் ‘லிசா’வில் எப்படி இகரமாயிற்று என்பதற்கு எல்லாரும் ஏற்கும் விளக்கம் இல்லை. ஆகவே உறவு இருக்கலாம் என்று சொல்லலாம். வடமொழிச் சொல்லே ‘லிசா’ ஆயிற்று என்று சொல்வதற்கு இடமே இல்லை, ஏனெனில் உறவாயினும் இரண்டும் ஒரு பழைய தாய்ச்சொல்லின் பிள்ளைகளாகத்தான் இருக்க முடியும்.

அந்த இகரத்துக்கு, வேட்டைக்காரர்களின் அச்சத்தைக் காரணமாகச் சொல்வாரும் உண்டு. விலங்கின் பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்று அஞ்சிப் பெயரைத் திரித்தோ மாற்றியோ சொல்லும் வழக்கம் அது. ரஷ்யர்கள் கரடியை ‘மெத்வேத்’, அதாவது தேன் தின்னி, என்றே அழைக்கிறார்கள். அதன் பழைய பெயர் அவர்கள் மொழியில் மறைந்தே போயிற்று. இரவில் பாம்பைப் ‘பூச்சி’ என்று சொல்லும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நரிக்கும் அப்படி நேர்ந்தது என்பது ஊகம்தான், எனினும் பெண் பெயர்க் கதையைவிடப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த ஊகம்.

இனிப் பொருள். ‘லிசா’ என்பது முகத்துதி செய்து காரியம் சாதிப்பவரையும் குறிக்கும். சிறிய நரி என்று செல்லமாகச் சொல்லும் அதன் வடிவமான ‘லிசிச்கா’ ஆரஞ்சு மஞ்சள் நிறமுள்ள ஒரு காட்டுக் காளானின் பெயர். செக் மொழியிலும் அக்காளானுக்கு நரியின் பெயர்தான். குரோவாசியத்தில் நரியின் பெயருக்குப் பன்மையான ‘லிசித்சே’ கைவிலங்கைக் குறிக்கும். நரியின் நிறமும் குணமும் எங்கெங்கோ போய் ஒட்டிக்கொள்கின்றன.

கதையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரஷ்யத்தில் இந்தச் சொல் பெண்பால். கதைகளில் அவளை ‘லிசிச்கா செஸ்த்ரிச்கா’, நரிச் சகோதரி, என்பார்கள். பனிக்கட்டித் துளையில் வாலை விட்டு மீன் பிடிக்கும்படி ஓநாயை ஏய்ப்பவள் அவள். தாங்கள் வெளியிட்ட கதையில் அவள் ‘நரியார்’ ஆகி, ‘அவன்’ என்றே கடைசிவரை பேசப்பட்டாள். ‘நரியக்கா’ என்று எழுதியிருந்தால் பொருளும் பொருந்தியிருக்கும், நம் காதுக்கும் இனித்திருக்கும். வால்நுனியைக் கறுப்பாக வரைந்திருந்த படமும் திருத்தத்தக்கது. கதையில் வரும் ரஷ்யச் செந்நரியின் வால்நுனி வெள்ளை. கறுத்த வால்நுனியுள்ளது நம் நாட்டுக் குள்ளநரி. நம் பக்கத்தில் இரவில் ஊளையிடும் நரியோ இவ்விரண்டும் அன்று, நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய வேறு இனம்.

ஒலி ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டாமல், ஒரு சொல்லில் கண்ட மாற்றம் பல சொற்களிலும் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பதே முறை. பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, பத்து ‘ஹத்து’ என்று தமிழின் பகரம் கன்னடத்தில் வரிசையாக ஹகரமாவதைக் காட்டினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது புரியும். இம்முறையில் நம் மொழிகளை ஆராய்ந்து 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் வாழ்ந்து பணியாற்றிய இடையன்குடி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. திருநெல்வேலிப் பதிப்பிலேயே இப்படி ஒரு குறிப்பு வந்தது எனக்கு உண்மையில் வருத்தமளித்தது.

அடிக்குறிப்புக்கான திருத்தத்தை அதே சிறுவர் பகுதியில், பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் வெளியிடுமாறும், சொற்பிறப்புக் குறிப்புகளை அச்சேற்றுமுன் அம்மொழி அறிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பாளையங்கோட்டை.