பழைய வின்செஸ்டரை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பழைய லீவர் ரைஃபிள்களை (விசைக்கு அடியில் உள்ள நெம்புகோலை ஆட்டித் தோட்டா ஏற்றுபவை) வீட்டிலேயே புதுப்பிப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நூறு வயது கடந்த வின்செஸ்டர் நிறுவன ரைஃபிளை உப்புத்தாளால் தேய்த்து, சூடாக்காமலே இரும்பைக் கருமையாக்கும் என்று புட்டியில் விற்கும் ‘கோல்டு புளூ’ திரவத்தைப் பூசினால் வேலை முடிந்தது என்கிறது அது. அதை நம்பி யாராவது இறங்கினால் நஷ்டம் பெரிது. அந்தத் திரவம் இரும்பின் மேல் படியும் மெல்லிய செலினியம்-செம்புப் படலம்தான். கை பட்டாலே தேயும், சில மாதங்களில் அடியில் துரு திரும்பும். தேய்த்ததில் போன எழுத்தும் எண்கோணக் குழலின் கூர்விளிம்பும் மட்டும் திரும்பி வராது.

1894 மாடலையே எடுத்துக்கொள்வோம். ஜான் பிரௌனிங் வடிவமைத்தது, கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் செய்தது. குழலின் மேல் உள்ள நிறுவனப் பெயரும் காப்புரிமைத் தேதியும் உருளை அச்சால் மேலாகப் பதித்தவை. 220 எண் உப்புத்தாள் ஐந்து நிமிடத்தில் அவற்றை மங்கடித்துவிடும். அந்தக் காலக் குழல்களின் நீலக் கருமை வேறொரு பூச்சு அல்ல. துருவைத் திட்டமிட்டு ஏற்றி, கொதிநீரில் கறுப்பாக்கிப் பெற்ற நிறம். வீட்டில் செய்யக்கூடிய நல்ல முறையும் இதிலிருந்தே பிறக்கிறது.

2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்ந்தபடி 1873 மாடல் வின்செஸ்டர் ஒன்று கிடைத்தது. 1882இல் செய்தது என்று வரிசை எண்ணை வைத்துக் கண்டுபிடித்தார்கள். வயோமிங் மாநிலத்தின் கோடி (Cody) நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் அதைப் புதிதாக்க யாரும் முயலவில்லை. வெடித்து வெளுத்த மரத்தை மேலும் உதிராமல் நிலைப்படுத்தியதோடு நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் செய்பவருக்கும் இதுவே அளவுகோல்: துருவை நிறுத்த வேண்டும், மற்றதை விட்டுவிட வேண்டும்.

முதல் வேலை, தோட்டா இல்லை என்று உறுதி செய்வது. லீவரை முழுதாகத் திறந்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பாருங்கள். குழலுக்கு அடியில் ஓடும், தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகசின் குழாயை மறக்கக் கூடாது. துருப்பிடித்த ஸ்பிரிங் நடுவில் சிக்கி நின்றால், லீவரை எத்தனை முறை ஆட்டினாலும் உள்ளே உள்ள தோட்டா வராது. அந்தக் குழாயின் நுனி மூடியைக் கழற்றும்போது கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள், ஸ்பிரிங் பாய்ந்து வரும்.

பாதிப் பழைய துப்பாக்கிகள் கெடுவது திருகில்தான். வின்செஸ்டர் திருகுகளின் வெட்டு மெல்லியது, பக்கங்கள் நேரானவை. சாதாரணத் திருப்புளி ஆப்பு வடிவில் இருப்பதால் வெட்டின் மேல்விளிம்பை மட்டும் பிடித்துப் பிய்த்துவிடும். வெட்டின் அகலத்துக்கும் தடிமனுக்கும் சரியாகப் பொருந்தும், பக்கங்கள் இணையாகத் தீட்டிய முனைகள் வேண்டும். இறுகிய திருகுக்கு அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெயும் சரிபாதி கலந்து சொட்டுவிட்டு ஒரு நாள் விடுங்கள். அசையவில்லை என்றால் சால்டரிங் அயர்னைத் திருகின் தலையில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுங்கள். சூட்டில் விரிந்து ஆறும்போது துரு விட்டு, எண்ணெய் உள்ளே இறங்கும். அசிட்டோன் சட்டென்று பற்றிக்கொள்ளும், அது முழுக்க ஆவியான பிறகுதான் சூடு. கேஸ் டார்ச் அறவே கூடாது, ஒரு முறை பட்டாலே, இரும்பின் மேற்பரப்பைக் கடினமாக்கியபோது வந்த கேஸ் ஹார்டனிங் வண்ணமும், குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே உள்ள இயக்கப் பெட்டியான ரிசீவரின் கருமையும் போய்விடும்.

ரிசீவரிலிருந்து பின்கட்டையின் மேல் நீளும் இரும்புப் பட்டைதான் டாங்; அதன் திருகை எடுத்தபின் கட்டையை நேராகப் பின்னால் இழுங்கள். மேலும் கீழும் அசைத்தால் டாங்குக்குப் பின்னால் மரம் பிளக்கும். தட்டையான மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத் திருகைத் தளர்த்திய பிறகே, தோட்டாவை வெடிக்கவைக்கும் ஹேமர் பக்கம் போகலாம். குழலை ரிசீவரிலிருந்து கழற்றும் வேலை வீட்டுக்கு உரியதல்ல.

இனி முக்கியமான கட்டம். சிவப்புத் துருவை அமிலம் போட்டு எடுக்கிறார்கள். வினிகரோ பாஸ்பாரிக் அமிலமோ துருவோடு மிச்சமிருக்கும் அசல் கருமையையும் தின்றுவிடும். கொதிநீர் அப்படிச் செய்யாது, சிவப்பு ஆக்சைடைக் கறுப்பு மேக்னடைட்டாக மாற்றும். 26 அங்குலக் குழல் ரிசீவரோடு சேர்ந்து கிடக்க 40 அங்குல நீளமுள்ள ஸ்டெயின்லெஸ் தொட்டியும் இரண்டு அடுப்பும் தேவை. காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரைடும் சுண்ணாம்பும் வெள்ளைத் திட்டு போட்டு, பிறகு புதுத் துருவாக முளைக்கும். எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் அசிட்டோனால் துடைத்து, கையுறை போட்டுக்கொண்டு, நன்றாகக் கொதிக்கிற நீரில் 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். நீர் சும்மா சூடாக இருந்தால் போதாது, குமிழி விட்டுப் புரள வேண்டும். வெளியே எடுத்ததும் இரும்பின் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். துரு இருந்த இடமெல்லாம் கரிபடிந்த வெல்வெட் போலத் தெரியும். எண்ணெய் நீக்கிய 0000 ஸ்டீல் உல்லால் (மிக மெல்லிய எஃகு நார்) அழுத்தாமல் வருடினால் கறுப்புப் பொடி உதிர்ந்து, அடியிலிருந்து அடர்ந்த சாம்பல் கருமை வரும். சிவப்பு எட்டிப் பார்க்கிற இடத்துக்கு மறுபடி கொதிநீர். மூன்று நான்கு சுற்று ஆகலாம். ஸ்டீல் உல் எண்ணெயோடுதான் கடைக்கு வருகிறது. அதை அசிட்டோனில் அலசாமல் போட்டால் திட்டுத் திட்டாகிவிடும். கடைசிச் சுற்று முடிந்ததும் குழலுக்குள் உலர்ந்த துணி ஓட்டி, எல்லாவற்றையும் எண்ணெயில் நனைத்து ஓரிரவு வையுங்கள். குழிகள் அப்படியே இருக்கும், இருக்கட்டும்.

குழலின் உட்புறத்துக்குத் தண்ணீர் ஏன் என்று சிலர் தயங்குவார்கள். கருமருந்தின் எச்சமும், தோட்டாவைப் பற்றவைக்கும் பழைய பிரைமர்கள் விட்ட பொட்டாசியம் குளோரைடும் உப்புகள். ஈரத்தை இழுத்துத் துருவை வளர்ப்பவை அவையே. எண்ணெயில் கரையாது, சுடுநீரில் கரையும். குழலின் பின்முனையை அடைக்கும் போல்ட் கழன்றிருக்கும்போதே பின்பக்கமிருந்து வெண்கலத் தூரிகையை ஓட்டிவிடுங்கள். முன்பக்கமிருந்து எஃகுக் கம்பியை இழுத்து இழுத்துக் குழல்வாய் தேய்ந்துபோன ரைஃபிள்கள் ஏராளம், அவற்றில் குறி நிற்காது. 1873இன் உள்ளே இருக்கும் பித்தளைத் தோட்டாத் தூக்கியைப் பளபளக்கத் தேய்ப்பதும் வேண்டாத வேலை.

மரம் அமெரிக்கக் கறுப்பு வால்நட். எண்ணெய் ஊறிக் கறுத்த டாங் பகுதியில் சாக் பவுடரை அசிட்டோனில் குழைத்து அப்பி, காய்ந்ததும் தூரிகையால் தட்டிவிடுங்கள். எண்ணெயை அது உறிஞ்சிவிடும். நசுங்கிய இடத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியைக் காட்டினால் நார் எழும்பும். தேய்த்து மட்டமாக்கக் கூடாது, மரம் இரும்பைவிடத் தாழ்ந்து போகும். டாங்குக்குப் பின்னால் மயிரிழை வெடிப்பு இருந்தால் எண்ணெய் போட்டு மறைக்காதீர்கள். கட்டை தளர்ந்து பின்னுதைப்பில் பிளக்கத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய எப்பாக்சி பசையை உள்ளே இறக்கி இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு ‘பாய்ல்டு’ என்று கடையில் விற்கும் ஆளிவிதை எண்ணெய், கையால் தேய்க்கும் அளவுக்கு மெல்லியதாக, பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள் இடைவெளி விட்டு. இரும்புக்கு மேல் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு ஒரு பூச்சு போதும்.

இத்தனையும் செய்தால் துரு நிற்கும், சுடத் தகுதி வந்துவிடாது. தோட்டாவின் பின்புறத்துக்கும் போல்ட்டுக்கும் இடையேயுள்ள ஹெட்ஸ்பேஸ் என்னும் இடைவெளியை அளவி வைத்து, துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு கன்ஸ்மித் பார்த்தே தீர வேண்டும். 1873இன் மூட்டு அமைப்பு கருமருந்து அழுத்தத்துக்குச் செய்தது, இன்றைய வலுவான .44-40 தோட்டாவை அது தாங்காது. சட்டத்தையும் கட்டுரை தொடவில்லை. 1898 வரை செய்தவற்றைத் தொல்பொருள் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பிரிக்கிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கே. தாத்தா காலத்து ரைஃபிள் என்று இங்கே யாரும் உரிமமின்றி வேலையைத் தொடங்க வேண்டாம்.

ஒரு வரியையாவது கட்டம் கட்டி வெளியிடுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். திறந்த வெளியில் விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் நிறைத்த மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்