பூசுவதற்கு முன் வடிகாலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காருக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். கதவு ஓரத்திலும் கண்ணாடி ஓரத்திலும் சிலிக்கான் பூசிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று அதில் இருந்தது. நான் கார் வயரிங் வேலை பார்ப்பவன். தண்ணீர் புகுந்து கெட்ட கார்கள் கடைசியாக வந்து சேர்வது எங்களைப் போன்றவர்களிடம்தான். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, பச்சை பிடித்த கப்ளர்களை, அதாவது வயர்களை இணைக்கும் முனைகளை, சுரண்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த யோசனைக்கு ஒரு திருத்தம் வேண்டும்.

காரின் உடம்பு சொட்டுத் தண்ணீரும் புகாதபடி செய்யப்பட்டதல்ல. தண்ணீர் வரும் என்று தெரிந்தே, அது வெளியே போக வழி வைத்துத்தான் செய்கிறார்கள். சன்ரூஃபின் ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அதை ஏந்திக்கொள்ளும் சட்டத்தின் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் கண்ணாடியோரத் தூண்களுக்குள் இறங்கி, காருக்கு அடியில் முடிகின்றன. வைப்பர் நிற்கும் பள்ளத்துக்கும் இரண்டு பக்கமும் வடிகால் உண்டு. கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாக மழை நேரே கதவுக்குள் போகிறது. கதவின் கீழ் விளிம்பில் இருக்கும் துளைகள் அதை வெளியே விடுகின்றன. இந்த வழிகளில் சருகும் மண்ணும் அடைந்துகொண்டால் தண்ணீர் தேங்கி, மட்டம் ஏறி, உள்ளே திரும்புகிறது. ஆக, பல நேரம் கோளாறு ஓட்டையில் இல்லை, அடைப்பில்தான் இருக்கிறது. இது தெரியாமல் கதவின் கீழ்த் துளைகளையே சீலன்ட் வைத்து மூடியவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கதவைச் சாத்தினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும்.

முதலில் அது எந்தத் தண்ணீர் என்று பார்க்க வேண்டும். விரலில் தொட்டால் வழுக்கி, இனிப்பான வாடை அடித்து, முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் மாதிரி மங்கினால் அது மழையே இல்லை. காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரிலிருந்து கசியும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். அது நச்சு, குழந்தைகளையும் நாய் பூனைகளையும் கிட்டே விடக்கூடாது. வெயில் நாளிலும் ஏசி போட்டால் மட்டும் முன்சீட்டின் கால்மாட்டில் ஈரமா? புழுக்கமான நாளில் ஏசியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். வெளியே சொட்டாமல் உள்ளே நனைந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. இந்த இரண்டும் இல்லை, மழைக்கும் கழுவலுக்கும் பிறகுதான் நனைகிறது என்றால் அப்புறம் உடம்பைத் தேடலாம்.

தேடும்போது ஒன்றை மறக்கக்கூடாது. ஈரம் இருக்கும் இடமும் தண்ணீர் நுழைந்த இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கூரையில் நுழைந்தது தூண் வழியாக இறங்கி, வயர் கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி, பின்சீட்டின் கீழே நிற்கும். காரை மேட்டில் ஏற்றி நிறுத்தினால் பின்னால் நனையும், சரிவில் இறக்கி நிறுத்தினால் முன்னால் நனையும். அதனால் கால்மிதியை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். உள் அலங்காரத் தகடுகளைக் கழற்றி, ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார வேண்டும். இன்னொருவர் வெளியே ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும், அதுவும் கீழிருந்து மேலே, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நின்று. எடுத்தவுடன் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் புரியாது. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், அது நல்ல ரப்பரையும் தாண்டிப் பாயும். கதவு ரப்பரில் சந்தேகமா? ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை.

டிக்கியில் ஸ்டெப்னிப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால், டிக்கி ரப்பரோடு பின்விளக்கைச் சுற்றித் தண்ணீர் புகாமல் தடுக்கும் கேஸ்கெட்டையும் பாருங்கள். அதை ஏனோ யாரும் பார்ப்பதில்லை.

கதவு ஓரக் கசிவில் பாதிப் பழி எங்கள் தொழிலுக்குத்தான். கதவின் உள் அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் கதவுக்குள் இறங்கும் தண்ணீரை அறைப் பக்கம் வராமல் காக்கிறது. ஸ்பீக்கர் மாட்டுகிறவரும் பவர் விண்டோ பார்க்கிறவரும் அதைக் கிழித்துவிட்டு அப்படியே அட்டையை மாட்டிவிடுகிறார்கள். வேலை முடிந்து அட்டை போடும் முன் தாளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் அடுத்த தடவை போகாதீர்கள்.

பூச வேண்டிய இடமும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. தகடுகள் சேரும் இடத்தில் பூச்சு வெடித்திருக்கலாம், முன்கண்ணாடியின் ஒட்டு விட்டிருக்கலாம். ஆனால் வீட்டுக் குளியலறைக்கு வாங்கும் சிலிக்கான் அதற்கு ஆகாது. புளிப்பு வாடை அடிக்கும் வகை காயும்போது அசெட்டிக் அமிலம் விடுகிறது. கீறல் பட்ட தகடு துரு ஏற அது போதும். போதாததற்கு, சிலிக்கான் பட்ட இடத்தில் கண்ணாடி ஒட்டும் யூரித்தேன் பிறகு பிடிக்காது. கண்ணாடியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து ஒட்டுவதுதான் முறை.

வடிகுழாயைச் சுத்தம் செய்ய மெல்லிய நைலான் இழை போதும். கம்பி விட்டால் குழாய் கிழியும். ஏர் அடித்தால் தூணுக்குள் அதன் முனை கழன்றுவிடும், பிறகு அதைத் தேடி உள்கூரையையே இறக்க வேண்டிவரும்.

கசிவு நின்றதும் கார்ப்பெட் மேலே காய்ந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். அடியில் இருக்கும் தடித்த ஃபோம் நாள்கணக்கில் தண்ணீரை வைத்திருக்கும். தூக்கி நிறுத்தி, காற்று படவிட்டுக் காயவைக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது மோதும்போது சீட்பெல்ட்டை இறுக்கும் கருவிக்கானது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுக்காமல் அதில் கை வைக்கக்கூடாது. இதை மட்டும் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது மேல்.

கார் தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. நான் புரட்டிப் பார்த்த கையேடுகளில் ஏர் ஃபில்டரை எப்போது மாற்றுவது, டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்பதெல்லாம் விளக்கமாக இருக்கிறது. வடிகால் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு படம் கிடையாது. ஒரே ஒரு பக்கம் சேர்த்து, சர்வீஸ் பட்டியலிலும் 'வடிகால் சுத்தம்' என்று ஒரு வரி போட்டால் போதும். உங்கள் வாகனப் பக்கத்தில் அவர்களைப் பேட்டி காணும்போது இதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
கார் வயரிங் தொழிலாளி ஒருவர்