நொதி மாத்திரை தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செரிமான நொதி மாத்திரைகளைத் தயாரித்து விற்பவர்களே,

வணக்கம். உங்களில் ஒருவரின் டப்பா என் மேசையில் இருக்கிறது. முன்பக்கம் ஒரு பச்சை இலை, கீழே கொட்டை எழுத்தில் ‘500 மில்லிகிராம்’. பின்பக்கம், கண்ணைச் சுருக்கினால், ‘உணவுக்குப் பின் ஒன்று’. அவ்வளவுதான்.

அந்த 500 எதற்கு? நொதியை எடை போட்டுப் பயனில்லை, எவ்வளவு வேலை செய்யும் என்பதே கணக்கு. அதற்குத்தான் யூனிட். கணையம் போதிய அளவு சுரக்காத பெரியவர்களுக்கு, ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி) யூனிட் வரை கொடுத்துத் தொடங்குவார்கள். உங்கள் மாத்திரையில் எத்தனை? இதைப் போடாமல் விட்டால், வாங்குபவர் தண்ணீரைக் குடிக்கிறாரா மருந்தைக் குடிக்கிறாரா என்பதே தெரியாது.

அப்புறம் அந்த ‘உணவுக்குப் பின்’. என் அண்ணனுக்குப் பல வருடங்களாகக் கணைய அழற்சி. நொதி காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார்கள். மற்ற மாத்திரைகளைப் போலவே கை கழுவிவிட்டு வந்து போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் மிதக்கும் மலமும் குறையவில்லை, எடையும் ஏறவில்லை. விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதென்று ஒருநாள் காப்ஸ்யூலைப் பிரித்தார். உள்ளே கடுகைவிடச் சின்ன உருண்டைகள். கரண்டியால் நசுக்கிச் சூடான கஞ்சியில் கலக்கினார். நல்ல வேளை, நான் பார்த்துவிட்டேன். அந்த உருண்டைகளின் மேற்பூச்சு வயிற்று அமிலத்தைத் தாண்டி, சிறுகுடலில் கரைவதற்காகப் போட்டது. நசுக்கினால் நொதி வீண், வாயிலும் புண் வரும். சூடும் அதைக் கெடுக்கும். முதல் வாயோடு ஒன்று, சாப்பாட்டின் நடுவே மீதி என்று மருத்துவர் மாற்றிச் சொன்ன பிறகுதான் அவருக்குப் பலன் தெரிந்தது. இத்தனை மாதமும் அந்த ஒரு வரி எந்த டப்பாவிலும் இல்லை.

எந்த நொதி எதற்கு என்பதையும் போடுங்கள். லாக்டேஸ் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு. ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் பயறு வகைகளால் வாயு பிடிப்பவர்களுக்கு. நெஞ்செரிச்சலுக்கு இரண்டும் உதவாது. எல்லாவற்றையும் ஒரே மாத்திரையில் துளித்துளியாகச் சேர்த்து ‘மல்டி’ என்பது, என் பார்வையில், வியாபாரம் மட்டும்தான்.

எச்சரிக்கைக்கும் இடம் வேண்டும். பப்பாளியிலிருந்து எடுக்கும் பபைனோ அன்னாசியிலிருந்து எடுக்கும் புரோமெலைனோ இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். சர்க்கரை நோய்க்கு அகார்போஸ் எடுப்பவருக்கு ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் எதிர்வேலை செய்யலாம். கணைய நொதிகள் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுப்பவை, அதை மறைக்காதீர்கள். கூடுதல் டோஸும் நல்லதல்ல. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10,000 லைபேஸ் யூனிட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வந்ததே, மிக அதிக டோஸ் எடுத்த குழந்தைகளின் பெருங்குடல் சுருங்கியதை 1990களில் கண்ட பிறகுதான்.

கடைசியாக ஒன்று. காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ இந்த மாத்திரை வேண்டாம், மருத்துவரிடம் போங்கள் என்று டப்பாவில் அச்சடியுங்கள். இடம் போதாவிட்டால் அந்தப் பச்சை இலையைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
டப்பாவைத் திருப்பிப் படிக்கும் ஒருவர்