பழைய தரையை உடைக்கும் முன்: சென்னை வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

தி.நகரிலும் புரசைவாக்கத்திலும் பாரிமுனையிலும் ஒரு கடை கைமாறினால் முதலில் பெயர்க்கப்படுவது தரைதான். இரவு கடைத்தெரு அடங்கியதும் ஷட்டரை இறக்கிவிட்டு நான்கைந்து பேர் உள்ளே தரையை உடைக்கும் பிரேக்கர் இயந்திரம் ஓட்டுகிறார்கள். விடிவதற்குள் மூட்டைகள் வண்டியேறிவிடும். கடை சீரமைப்பு வேலைகளை மேற்பார்வை செய்பவன் நான். அந்த ஷட்டருக்குள் நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஷட்டரை இறக்குவது தூசியும் சத்தமும் பக்கத்துக் கடைக்குப் போகாமல் இருக்க. சரி, அந்தத் தூசி வேறு எங்கே போகும்? உள்ளே இருப்பவர்களின் நெஞ்சுக்குத்தான். டைல்ஸ், கிரானைட், அடியில் இருக்கும் மணல் கலவை என எல்லாவற்றிலும் சிலிக்கா என்ற கனிமம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்துகள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, ஆண்டுக்கணக்கில் தழும்பாக்கும். அதுதான் சிலிகோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் வரும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. சிலிக்கா தூசி புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே வகைப்படுத்திவிட்டது. முகத்தில் கட்டும் துண்டு இதைத் தடுக்காது.

தடுக்கும் வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உடைக்கும் இடத்தில் தொடர்ந்து தண்ணீர் தெளிக்க வேண்டும். அதற்கு முன் தரைக்குள் ஓடும் மின் வயர்களின் இணைப்பைத் துண்டித்தாக வேண்டும். கிரைண்டரைக் காய்ந்த தரையில் ஓட்டக் கூடாது, காய்ந்த துடைப்பத்தால் கூட்டவும் கூடாது. ஆளுக்கு ஒரு என்95 முகக்கவசம் வேண்டும். இத்தனைக்கும் ஆகும் செலவு புதுக் கடையின் பெயர்ப்பலகைச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் கோட்டேஷனில் இதற்கென ஒரு வரிகூட இருப்பதில்லை. எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரரின் விலை கூடிவிடுகிறது, வேலை எழுதாதவருக்குப் போகிறது. இதை ஒரு ஒப்பந்தக்காரரால் தனியாக மாற்ற முடியாது. அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

பழைய அலுவலகத் தளங்களில் ஒட்டியிருக்கும் மெல்லிய வினைல் (பிளாஸ்டிக் வகை) ஓடுகளில் இன்னொரு ஆபத்து இருக்கலாம். அவற்றில் புற்றுநோய் உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கலாம். அடியிலுள்ள கறுப்புப் பசையிலும் இருக்கலாம். ஆய்வகத்தில் சோதிக்காமல் அவற்றைச் சுரண்டவே கூடாது.

இன்னொன்று, எல்லாத் தரையையும் உடைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. தட்டிப் பார்த்து வெற்றொலி கேட்கவில்லை, தரை உறுதியாக, மட்டமாக இருக்கிறது என்றால் அதன் மேலேயே டைல் பசை போட்டுப் புது டைல்ஸ் ஒட்டலாம். ஷட்டர் உயரத்தையும் வாசற்படியையும் மட்டும் சரிபார்த்தால் போதும். ஆயிரம் சதுர அடித் தரையை இரண்டு அங்குலக் கலவையோடு பெயர்த்தால் பத்து டன் இடிபாடு சேரும். மாடிக் கடையென்றால் அத்தனையும் சித்தாள்களின் தலைச்சுமைதான். பிறகு அதில் ஒரு பகுதி மழைநீர் வடிகால் ஓரத்தில் கிடக்கிறது. இடிபாட்டால் வடிகால் அடைபடக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளே சொல்லியிருந்தன. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டைப் பதப்படுத்தும் ஆலைகளும் இருக்கின்றன.

சங்க உறுப்பினர் எவர் கடையைப் புதுப்பித்தாலும் தண்ணீர் தெளிப்பு, முகக்கவசம், வினைல் சோதனை, இடிபாட்டு வண்டி ஆகிய நான்கையும் கோட்டேஷனில் தனித்தனியாக விலையோடு கேட்க வேண்டும் என்று அடுத்த செயற்குழுவில் தீர்மானம் போடுங்கள். அதற்கான மாதிரிப் படிவத்தை எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
கடை சீரமைப்பு மேற்பார்வையாளர் ஒருவர்