மூப்பன் தனியாள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்குடி ஊர்த் தலைமை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, ஊர்த் தலைவரான மூப்பனைக் குட்டி ராஜாவாகக் காட்டியது வருத்தமாக இருந்தது. கோவை மாவட்ட எல்லையிலுள்ள ஆனைகட்டியில் வசிப்பவன் நான். எல்லைக்கு அப்பால், கேரளத்தின் அட்டப்பாடியில் உள்ள இருளர் பழங்குடி ஊர்களோடு நெடுநாள் பழக்கம்.

மூப்பன் தலைவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரோடு குறுதலை, வண்டாரி, மண்ணுக்காரன் என்று இன்னும் மூன்று பேர் உண்டு. குறுதலை மூப்பனுக்குத் துணை. ஊர்ப் பொதுப்பணம் வண்டாரி கையில். விதைப்பு மண்ணுக்காரனுடைய பொறுப்பு. பூசை செய்து அவர் முதல் விதையைப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் ராகியோ சாமையோ விதைப்பார்கள். தகராறு வந்தால் ஊரே கூடிப் பேசும்.

இது தெரியாமல்தான் அதிகாரிகளும் நடக்கிறார்கள். ஒருமுறை ஜீப்பில் வந்தவர்கள் மூப்பனை மட்டும் கூப்பிட்டு, பானெட் மேல் படிவத்தை விரித்துக் கையெழுத்துக் கேட்டார்கள். "குறுதலை, வண்டாரியெல்லாம் வரட்டுங்க, பேசிட்டுப் போடறேன்" என்றார் பெரியவர். "நீங்கதானே தலைவர், போடுங்க" என்று நெருக்கினார்கள். அவரும் போட்டுவிட்டார். அப்புறம் ஊருக்குள் அவர் பேச்சுக்கு இருந்த மதிப்பு குறைந்தது. பழி யாருக்கு?

தமிழ்நாட்டில், நம் பக்கம், நிலைமை இன்னும் மோசம். அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி இங்கே இல்லாததால், அத்தகைய பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996-ம் ஆண்டின் பெசா சட்டம் இங்கே செல்லாது. காட்டில் வாழ்வோரின் உரிமைகளைக் கிராம சபை வழியாக அங்கீகரிக்கும் 2006 வன உரிமைச் சட்டம் செல்லும். ஆனால் நம் ஊராட்சிச் சட்டப்படி கிராம சபை என்பது ஊராட்சி முழுமைக்கும் கூடுவது. மலையில் ஓர் ஊராட்சிக்குள் எத்தனையோ குடியிருப்புகள். காட்டு வழியில் நடந்து வந்து சேர்வதற்குள் கூட்டமே கலைந்துவிடும். ஊராட்சி அளவில் கூட்டாமல் குடியிருப்பு அளவில் கூட்டுங்கள் என்று மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 2012-லேயே வழிகாட்டுதல் அனுப்பியிருக்கிறது.

பழைய முறையில் எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை. மூப்பன் பதவி பெரும்பாலும் ஆண்வழியில்தான் போகிறது. அந்தக் குறைக்கு, கூட்டத்துக்கு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்ற வன உரிமை விதி நல்ல மருந்து. அதையும் ஊருக்குள் கூட்டம் நடந்தால்தானே கடைப்பிடிக்க முடியும்? அடுப்பையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் பெண்கள் அவ்வளவு தூரம் எப்படி வருவார்கள்?

நம் மாவட்ட நிர்வாகம் வன உரிமைக் கூட்டங்களை அந்தந்த ஊரிலேயே நடத்த வேண்டும். மூப்பனின் தனிக் கையெழுத்தை ஊரின் சம்மதமாக எடுத்துக்கொள்வதையும் நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஆனைகட்டி வாசகர்