கோயில் சுவரும் ஆய்வுக்கூடம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சோழர் காலத்தில் பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு எடுத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறை பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி வந்தால் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள்: முப்பது குடும்பு, அதாவது வார்டு; உறுப்பினராகக் கால் வேலி நிலம், வயது 35க்கு மேல் 70க்குள். அதையெல்லாம் பொறித்து வைத்திருக்கும் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஆனால் அவள் பார்த்ததில்லை. கல்லூரியில் கல்விச் சுற்றுலா இரண்டு முறை போனார்கள். ஒரு தடவை ஊட்டி, ஒரு தடவை கொடைக்கானல்.

போன மாதம் நானே கூட்டிப்போனேன். சுவரைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, இது தமிழா?" எழுத்துக்குப் புள்ளி கிடையாது, நடுநடுவே வடமொழிக்கான கிரந்த எழுத்து வேறு. எதை மெய்யாகப் படிப்பது, எதை உயிர்மெய்யாகப் படிப்பது என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டோம். எனக்கும் தெரியாது, நான் பி.காம். அரை மணி நேரம் தடவித் தடவி, சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் பட்டமான 'பரகேசரி' வரும் இடத்தைப் பிடித்தாள். அவனுடைய 12, 14ஆம் ஆட்சியாண்டுகள், அதாவது கி.பி. 919, 921. இந்த ஆண்டுகள் அவளுக்கு மனப்பாடம். இவை கல்லில் இருந்து எப்படி வந்தன என்பதுதான் அன்றைக்குத் தெரிந்தது.

வேதியியல் மாணவருக்கு ஆய்வுக்கூடம் உண்டு, ரெக்கார்டு நோட்டு உண்டு, செய்முறைத் தேர்வு உண்டு. வரலாற்று மாணவருக்கு ஏன் இல்லை? கல்வெட்டை மைப்படி, அதாவது மையால் காகிதத்தில் நகல், எடுக்க வேண்டியவை காகிதம், தண்ணீர், பிரஷ், மை. நனைத்த காகிதத்தைக் கல்லில் ஒட்டி, எழுத்தின் குழிக்குள் இறங்கும்படி பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து தெரியும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதி இல்லாமல் கைவைக்க முடியாது, சரி. தொல்லியல் துறை ஆட்கள் முன்னிலையில், தனிக்கல் ஒன்றில் சொல்லிக் கொடுக்கலாமே. சென்னையில் அத்துறை நடத்தும் பட்டயப் படிப்பு இருக்கிறது, ஆனால் அது முதுகலை முடித்தவர்களுக்கு. அதற்குள் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

மைப்படிகூட வேண்டாம் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் எந்த ஊர்க் கோயிலில், எந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று அச்சில் உள்ளது. அந்தக் கல் இன்றைக்கு இருக்கிறதா? திருப்பணி என்ற பெயரில் வெள்ளையடித்தது, மணல் பீச்சித் தேய்த்தது, கல்லைப் பெயர்த்துப் படியாகப் போட்டது எல்லாம் நாம் பார்த்ததுதான். ஒவ்வொரு மாணவருக்கும் தன் ஊரைச் சுற்றி ஐந்து கோயில் கொடுத்து, தொகுதியோடு ஒப்பிட்டு எது இருக்கிறது, எது போய்விட்டது என்று படத்தோடு எழுதி வரச் சொல்லலாம். ஒரு பருவத்துக்கு ஒரு தாள். கூகுளில் எடுத்து ஒட்டும் 'புராஜெக்ட்'டுக்கு இது எவ்வளவோ மேல். பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த திருத்தத்தில் இதைச் சேர்க்க வேண்டும்.

உத்திரமேரூரில் இருந்து வந்தபின் அவள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் தெருக் கோடியில் இருக்கும் சிவன் கோயிலில், சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக்கு அடியில் மூன்று வரி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது குருக்கள் வந்து, "காலேஜ்ல அனுப்பிச்சாளாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சாமி, நானாத்தான் வந்தேன்" என்றாள்.

இப்படிக்கு,
வரலாற்று மாணவி ஒருத்தியின் அப்பா,
மதுராந்தகம்